தாழப் பறக்கப் போகிறவர்களுக்கு: நாற்காலியில் தொடங்கும் ஹெலிகாப்டர் பாடம்

பெங்களூர் ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில் விமானபுரா பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் பழகிப்போன ஒன்று. விமானம் கட்டும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.-இன் ஓடுபாதையிலிருந்து துருவ் ஹெலிகாப்டர் கிளம்பினால் முதலில் ஜன்னல் கண்ணாடி அதிரும், அப்புறம்தான் காதில் கேட்கும். என் வீடும் அங்கேதான். ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டி, பிறகு ஓட்டக் கற்றுக்கொடுத்து, ஓய்வுபெற்றதும் இங்கேயே தங்கிவிட்டேன். விமானப்படைத் தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனைக்காக இங்குள்ள ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனத்துக்கு வருகிற தமிழ்ப் பிள்ளைகள் சிலர், சொந்தக்காரர்கள் யார் மூலமாவது என் வீட்டுக்கும் வந்து போவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் என்ன தெரிந்துகொண்டு போகலாம்?"

இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, நிலத்தை ஒட்டிப் பறப்பது. இன்னொன்று, ஆபத்து வந்தால் செய்ய வேண்டியவை. பாடத்திட்டத்தில் இவை தனித்தனி வகுப்புகள். ஆனால் காக்பிட்டில் இரண்டும் ஒன்றுதான். இதை ஒரு கணக்குப் போட்டால் புரியும். என்ஜின் நின்றுபோன ஹெலிகாப்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1800 அடி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 5000 அடியில் அது நடந்தால் உங்களுக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். இடம் தேடலாம், ரேடியோவில் சொல்லலாம், செக்லிஸ்டைக்கூடப் புரட்டலாம். 200 அடியில் நடந்தால் 7 நொடிதான். 50 அடியில் இரண்டு நொடிகூட இல்லை. அங்கே யோசிக்க நேரம் கிடையாது. யோசனை எல்லாம் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கீழே நான் சொல்லப் போகிற எல்லாமே, அதை எப்படி முன்கூட்டியே முடித்து வைப்பது என்பதைப் பற்றித்தான்.

சேரும் வழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். என்.டி.ஏ., சி.டி.எஸ்., ஏ.எஃப்.கேட் என்று நுழைவுத் தேர்வு வழிகள் உண்டு. விமானப்படையில் சேர்ந்தால் ஹைதராபாத் பக்கம் துண்டிகலில் அடிப்படைப் பயிற்சி. அதன் பிறகு ஹெலிகாப்டர் பிரிவுக்குப் பிரிக்கப்படுகிறவர்கள் ஹக்கிம்பேட்டையில் சேத்தக் ஹெலிகாப்டரில் கற்பார்கள். தரைப்படை விமானிகளுக்கு நாசிக். கடற்படை ஹெலிகாப்டர் பள்ளி நம் அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் இருக்கிறது. பைலட் தகுதியைச் சோதிக்கும் கணினித் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அதனால் "சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று போகாதீர்கள். முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.

முதல் படி: நாற்காலி

சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரைப் பார்த்துப் போடுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு மத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது சைக்ளிக். இடது தொடையை ஒட்டி மடக்கிய குடை, அது கலெக்டிவ். காலடியில் ஒரு ஜோடி செருப்பு, அவை பெடல்கள். சிரிப்பு வரலாம், ஆனால் உலகம் முழுக்க விமானிகள் இப்படித்தான் வீட்டில் பழகுகிறார்கள். ஒரு ரூபாய் செலவில்லாத சிமுலேட்டர் இது.

கலெக்டிவை மேலே இழுத்தால் மேலே சுழலும் ரோட்டரின் எல்லா இறக்கைகளும் ஒரே நேரத்தில் கோணம் கூடி, ஹெலிகாப்டர் எழும்பும். சைக்ளிக்கைச் சாய்த்தால் ரோட்டர் சுழலும் தட்டு அந்தப் பக்கம் சாயும், ஹெலிகாப்டரும் அந்தப் பக்கம் நகரும். பெடல், வால் ரோட்டரின் கோணத்தை மாற்றி மூக்கை இடமும் வலமும் திருப்பும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிசெய்தே ஆக வேண்டும். கலெக்டிவை இழுத்தால் முறுக்கு விசை கூடி உடம்பு ரோட்டருக்கு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும், பெடலால் பிடித்து நிறுத்த வேண்டும்.

இந்தியாவில் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. சேத்தக், சீட்டா, எம்.ஐ.-17 ஆகியவற்றின் ரோட்டர்கள் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுழல்பவை. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை எதிர்த்திசையில் சுழலும் அமெரிக்க ஹெலிகாப்டர்களுக்கு எழுதப்பட்டவை. அதில் "வலது பெடல்" என்று இருந்தால் சேத்தக்கில் அது இடது பெடல். தவறான காலைப் பழக்கிவிட்டுப் போனால் அதை மறக்கடிக்கப் புதிதாகக் கற்பதைவிட அதிக நாள் ஆகும். நான் கற்றுக்கொடுத்த காலத்தில் இதற்காகச் செலவான நேரம் கொஞ்சமில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனுக்கு இந்த நாற்காலியைப் போட்டுக் கொடுத்தேன். "என்ஜின் போச்சு!" என்று நான் சொன்னதும் அவன் கை படக்கென்று குடையைக் கீழே தள்ளியது. வேகம் நன்றாக இருந்தது. ஆனால் கண் குடையைப் பார்த்தது.

"தம்பி, குடையைப் பார்க்காதே, வெளியே பார்."

"பார்க்காமல் இருந்தால் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே சார்."

"அது தெரிகிற வரைக்கும்தான் இந்த நாற்காலி."

மூன்று வாரம் பிடித்தது. தினமும் பத்து நிமிடம் போதும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பயனில்லை.

எவ்வளவு தாழ்வு?

நிலத்தை ஒட்டிப் பறப்பதை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். முதல் வகை, தாழ்நிலைப் பறப்பு. உயரமும் வேகமும் ஏறக்குறைய மாறாமல் நேராகப் போவது. இரண்டாவது, காண்டூர் பறப்பு. நிலம் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கிப் போவது. மூன்றாவதுதான் என்.ஓ.இ. என்று சொல்லப்படும் நாப் ஆஃப் தி எர்த். மரமும் பாறையும் எவ்வளவு அனுமதிக்கின்றனவோ அவ்வளவு ஒட்டி, வேகத்தையும் உயரத்தையும் ஒவ்வொரு நொடியும் மாற்றிக்கொண்டே போவது. எதிரியின் ரேடாரும் கண்ணும் படாமல் நிலத்துக்குப் பின்னால் ஒளிந்து போவதற்காக வந்த கலை இது.

புதியவர்கள் மூன்றாவதைத்தான் கனவு காண்பார்கள். பயிற்சி முதலாவதிலிருந்து தொடங்கும், அதுதான் சரி. தாழ்ந்து போகப் போக வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை உடம்பு ஒத்துக்கொள்ள நாளாகும். 90 நாட் வேகம் என்றால் நொடிக்கு 46 மீட்டர். எதிரே ஏதோ தெரிகிறது, என்ன என்று புரிகிறது, கை அசைகிறது. இதற்கு மூன்று நொடி ஆனால் 138 மீட்டர் போய்விட்டது. பனிமூட்டமோ எதிர்வெயிலோ உங்கள் பார்வையை 150 மீட்டருக்குச் சுருக்கினால் அந்த வேகத்தில் போக உங்களுக்கு உரிமை இல்லை. கண் எட்டும் தூரத்துக்குள் நிற்கவோ திரும்பவோ முடிகிற வேகமே சரியான வேகம்.

இரண்டாம் படி: ரயிலில் வரைபடம்

மேலிருந்து பார்த்தால் ஊர் வரைபடம் மாதிரியே தெரியும். 100 அடியில் அப்படித் தெரியாது. மலையின் பக்கவாட்டு உருவம் மட்டும்தான் தெரியும், ஏரி ஒரு வெள்ளைக்கோடாகத் தெரியும், ஆறு மரவரிசைக்குப் பின்னால் மறைந்துபோகும். அதனால் வரைபடத்தின் உயரக்கோடுகளைப் பார்த்து, "இந்தக் குன்று பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்" என்று மனதில் எழுப்பிப் பார்க்கப் பழக வேண்டும். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நந்தி மலை உச்சியில் நின்று சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தை விரித்து, கண்ணெதிரே இருக்கும் குன்று தாளில் எது என்று விரல் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு தெரியாது என்பது புரியும். ராம்நகர் பாறைக் குன்றுகள் இன்னும் நல்ல பாடம், ஏனென்றால் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும்.

ஆனால் நான் சொல்லும் சிறந்த பயிற்சி வேறு. பெங்களூரிலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் ஜன்னல் சீட் போட்டுக்கொள்ளுங்கள். 1:50,000 வரைபடத்தில் பாதையைக் குறித்துக்கொண்டு, கைபேசியை அணைத்துப் பையில் வைத்துவிடுங்கள். ரயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது 54 நாட், தாழப் பறக்கும் ஹெலிகாப்டரின் வேகம்தான். அந்த வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், ஆக நிமிடத்துக்கு 3.3 சென்டிமீட்டர் விரல் நகர வேண்டும். பங்காருப்பேட்டை வரை எல்லோரும் சரியாகப் போவார்கள். குப்பம் தாண்டி ஜோலார்பேட்டைப் பக்கம் மலை நெருங்கும்போது விரல் தொலைந்துபோகும்.

தொலைந்தால் என்ன செய்வது என்பதுதான் பாடமே. சின்னச் சின்ன அடையாளமாகப் பார்த்துப் பொருத்த முயலாதீர்கள். மனம் பிடிவாதமானது, எந்தக் கோயிலைப் பார்த்தாலும் வரைபடத்தில் இருக்கும் கோயில் அதுதான் என்று சாதிக்கும். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து எத்தனை நிமிடம் ஆயிற்று, என்ன வேகம் என்று கணக்குப் போட்டு விரலை நகர்த்துங்கள். பிறகு தாண்டாமல் போகவே முடியாத ஒரு பெரிய அடையாளத்துக்காகக் காத்திருங்கள்: ஆற்றுப் பாலம், நெடுஞ்சாலை, நீண்ட மலைமுகடு. வரைபடத்திலிருந்து நிலத்துக்குப் பார்க்க வேண்டும், நிலத்திலிருந்து வரைபடத்துக்கு அல்ல. ஹெலிகாப்டரில் தொலைந்தால் கூடுதலாக ஒன்று செய்யலாம். மெதுவாக்கலாம், உயரே ஏறலாம். அப்படிச் செய்வதை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

தாழப் பறக்கையில் ஓட்டுகிறவர் வரைபடத்தைப் பார்க்கவே கூடாது, அது பக்கத்தில் இருப்பவரின் வேலை. அவர் "பாகை 137" என்று சொன்னால் ஓட்டுகிறவர் கண்ணை உள்ளே இறக்கித் திசைகாட்டியைப் பார்க்க வேண்டிவரும். அதனால் "இடது திரும்பு... திரும்பு... நிறுத்து" என்பார். அடையாளத்தைக் கடிகார முள் கணக்கில் சொல்வார்: "இரண்டு மணித் திசையில் ஒற்றைப் பனை, அதற்கு வலப்பக்கம் போ." இதை வீட்டில் பழகலாம். தம்பியை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து, தெருப்பெயர் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லி வழி காட்டுங்கள். சொல்ல வேண்டியதைத் தாமதமாகச் சொன்னால் என்ன ஆகும் என்பது முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும்.

கம்பி

இதற்குத் தனியாக ஒரு பகுதி கொடுப்பதற்குக் காரணம் உண்டு. நான் பயிற்சி முடித்த புதிதில் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டிருந்தோம். என் கண்ணுக்கு எதுவுமில்லை. பக்கத்திலிருந்த மூத்த விமானி "கம்பி" என்று ஒரே சொல் சொல்லிக் கலெக்டிவை இழுத்தார். மேலே ஏறிய பிறகும் எனக்குக் கம்பி தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே நேர்கோடாக வெட்டப்பட்ட ஒரு பட்டையை அவர் பார்த்திருந்தார். மரத்தை அப்படி நேராக வெட்டுவது மின்கம்பிக்காகத்தான். இந்தப் பக்கச் சரிவில் பட்டை இருந்தால் எதிர்ச்சரிவிலும் இருக்கும், நடுவே பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பி தொங்கும்.

அதனால் கம்பியைத் தேடாதீர்கள், கம்பி இருக்கிறது என்று சொல்லும் பொருள்களைத் தேடுங்கள். கம்பம், டவர், மரம் வெட்டிய பட்டை, தனியாக நிற்கும் பம்புசெட் கொட்டகை, சாலை, ரயில் பாதை. மலையுச்சியில் ஒற்றைக் கட்டடம் இருந்தால் அதற்கு மின்சாரம் எங்கிருந்தோ போகிறது. டவர் லைனில் இன்னொரு கண்ணி உண்டு. தடிமனான மூன்று கம்பிகளைப் பார்த்துவிட்டு அதற்குச் சற்று மேலே தாண்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் டவரின் உச்சியில், இடிதாங்கியாக, அவற்றைவிட மெல்லிய கம்பி ஒன்று ஓடும். ஆகவே எப்போதும் டவருக்கு நேர் மேலே கடக்க வேண்டும். டவர் கண்ணுக்குத் தெரியும், அதைவிட உயரத்தில் கம்பி இருக்காது. இரண்டு டவருக்கு நடுவே கம்பி தாழ்ந்து தொங்குகிறதே என்று அங்கே கடக்கப் பார்ப்பதுதான் தவறு.

பல ஹெலிகாப்டர்களில் மூக்கில் கம்பி வெட்டும் கத்தி பொருத்தியிருப்பார்கள். கம்பி கத்தியில் சிக்கும் இடத்திலும் கோணத்திலும் பட்டால்தான் அது உதவும். ரோட்டரில் பட்டால் கத்திக்கு வேலையில்லை.

காற்றும் வெயிலும்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3000 அடி. அந்த உயரத்துக்கு வரையறுக்கப்பட்ட நிலையான வெப்பம் 9 டிகிரி. ஏப்ரல் மத்தியானம் 34 டிகிரி அடிக்கிறது என்றால் 25 டிகிரி கூடுதல். சூட்டில் காற்று மெலிந்து, இன்னும் உயரே இருப்பது மாதிரி ஆகிவிடும். டிகிரிக்கு 120 அடி என்பது நடைமுறைக் கணக்கு, ஆக 3000 அடி சேருகிறது. உங்கள் ரோட்டருக்கும் என்ஜினுக்கும் அன்று எச்.ஏ.எல். ஓடுபாதை 6000 அடியில் இருக்கிறது, அதாவது குன்னூர் உயரத்தில். காலையில் சுலபமாக ஹோவர் செய்த, அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்ற, அதே சுமையோடு மத்தியானம் எழும்ப முடியாமல் போவது இதனால்தான். கிளம்பும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போடுங்கள். இறங்கப் போகும் இடத்துக்கும் போடுங்கள்.

மலையில் காற்று தண்ணீர் மாதிரி ஓடும். காற்று மோதும் சரிவில் மேலே தூக்கும், முகட்டைத் தாண்டிய மறுபக்கத்தில் கீழே அமுக்கும். பள்ளத்தாக்கின் நடுவே போகாமல் ஒரு பக்கமாக, முடிந்தவரை தூக்கும் பக்கமாகப் போனால் இரண்டு லாபம். காற்று உதவும், திரும்ப வேண்டியிருந்தால் முழுப் பள்ளத்தாக்கின் அகலமும் கிடைக்கும். முகட்டை நேராக நெருங்காமல் 45 டிகிரியில் சாய்வாக நெருங்கினால், தாண்ட முடியாது என்று தெரிந்த நொடியில் பாதி திரும்பினாலே வெளியே வந்துவிடலாம்.

மூன்றாம் படி: மனப்பாடம்

ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் ஆபத்து நேரப் படிகளில் சிலவற்றைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அவற்றைப் புத்தகம் பார்க்காமல், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், சொல் மாறாமல் சொல்ல வேண்டும். மீதியைச் செக்லிஸ்ட் பார்த்துச் செய்யலாம். கூடவே மூன்று உத்தரவுகளின் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். "உடனே இறங்கு" என்றால் உயிர் பிழைக்கக்கூடிய எந்த இடத்திலும், வயலோ ஆற்று மணலோ. "முடிந்தவரை சீக்கிரம் இறங்கு" என்றால் பாதுகாப்பாக இறங்கக்கூடிய முதல் இடத்தில். "வசதிப்பட்டபோது இறங்கு" என்றால் உதவி கிடைக்கும் இடம் பார்த்து, இருக்கும் நிலைமையை எடைபோட்டு. முக்கிய கியர்பாக்ஸில் எண்ணெய் அழுத்தம் போய்விட்ட விளக்கு எரியும்போது, அது எந்த வகை என்று யோசிக்கக் கூடாது.

இனி என்ஜின் நிற்பது. ஹெலிகாப்டருக்கு என்ஜின் நின்றால் கல் மாதிரி விழும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். விழாது. என்ஜின் ஓட்டம் குறைந்ததும் இடையில் இருக்கும் ஒரு கிளட்ச் ரோட்டரைத் தனியே விட்டுவிடும். கீழே இறங்குவதால் கீழிருந்து மேலே வரும் காற்று ரோட்டரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். இதுதான் ஆட்டோரொட்டேஷன். சேத்தக்கிலும் சீட்டாவிலும் ஒரே என்ஜின்தான், எனவே இது உயிர்நாடி.

நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். மூக்கு திடீரென வலப்பக்கம் திரும்புகிறது, சத்தம் மாறுகிறது, ரோட்டர் வேகம் குறைவதைச் சொல்லும் ஹாரன் ஒலிக்கிறது. கலெக்டிவ் கீழே. இடது பெடல். சைக்ளிக்கால் வேகத்தைக் கையேடு சொல்லும் அளவில் வை. ரோட்டரின் சுழல்வேகம் பச்சைக்கோட்டுக்குள் இருக்கிறதா பார். காற்றை எதிர்த்துத் திரும்பு. இடம். தரை நெருங்கும்போது சைக்ளிக்கைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்கு, இதைத்தான் ஃபிளேர் என்கிறோம். அதில் முன்வேகம் குறையும், ரோட்டர் வேகம் கூடும். பிறகு மட்டமாக்கு. கடைசியில் கலெக்டிவை இழுத்து, ரோட்டரில் சேமித்த சுழற்சியை எல்லாம் செலவழித்து மெத்தென்று உட்கார வை. அந்தக் கடைசி இழுப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். சீக்கிரம் இழுத்துவிட்டால் திரும்ப இழுக்க எதுவும் மிச்சமிருக்காது.

இது எவ்வளவு உண்மை என்பதற்கு ஓர் உதாரணம். 1972 ஜூன் 21 அன்று பிரெஞ்சு சோதனை விமானி ஜான் பூலே, லாமா என்ற ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரத்துக்கு ஏறிச் சாதனை படைத்தார். உச்சியில் சக்தியைக் குறைத்ததும் என்ஜின் அணைந்துவிட்டது, மறுபடி எரியவில்லை. 12 கிலோமீட்டர் உயரத்திலிருந்து என்ஜின் இல்லாமல் ஆட்டோரொட்டேஷனிலேயே இறங்கி, பத்திரமாகத் தரை தொட்டார். அதே லாமாதான் எச்.ஏ.எல். பெங்களூரில் உரிமம் பெற்றுக் கட்டிய சீட்டா. சியாச்சின் வரை போகிற அதே மிஷின்.

ஆனால் பூலேவுக்கு உயரம் இருந்தது. உங்களுக்கு இருக்காது. ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் உயரத்தையும் வேகத்தையும் வைத்து ஒரு வரைபடம் கொடுப்பார்கள். அதில் நிழலிட்ட பகுதிக்குள் இருக்கும்போது என்ஜின் நின்றால் பத்திரமாக இறங்குவது மிகக் கடினம். மெதுவாகவும் நடுத்தர உயரத்திலும் இருப்பது ஒரு நிழல், மிகத் தாழ்வாக மிக வேகமாக இருப்பது இன்னொரு நிழல். தாழப் பறப்பவர் இந்த இரண்டாவது நிழலை உரசிக்கொண்டே போகிறார். அங்கே கலெக்டிவை மட்டும் படாரென்று தள்ளினால் நேராகத் தரைக்குப் போகும். கலெக்டிவைக் குறைப்பதோடு சைக்ளிக்கைப் பின்னால் இழுத்து, இருக்கும் வேகத்தை உயரமாகவும் ரோட்டர் சுழற்சியாகவும் மாற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதை உங்கள் ஹெலிகாப்டரின் கையேடும் ஆசிரியரும் சொல்வார்கள், அதுவே கடைசி வார்த்தை.

துருவ், எம்.ஐ.-17 போன்றவற்றில் இரண்டு என்ஜின். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும், சுமையும் உயரமும் இடம் கொடுத்தால். அங்கே பெரிய ஆபத்து அவசரம். நன்றாக ஓடும் என்ஜினை அணைத்துவிடுவது. அதனால் எந்த லீவரையும் தனியாகத் தொடாதீர்கள். ஒருவர் விரலை வைத்து "இரண்டாம் எண் என்ஜின்" என்று சொல்ல வேண்டும், மற்றவர் பார்த்து "ஆம், இரண்டாம் எண்" என்ற பிறகுதான் இழுக்க வேண்டும்.

வால் ரோட்டர் பழுது பற்றி ஒரு வரி: முன்வேகம் இருக்கும்வரை வால் துடுப்பு ஓரளவு நேராகப் பிடித்துக்கொள்ளும், ஆகவே ஹோவருக்கு வராமல் ஓடியபடியே தரை தொடுவதுதான் பல நேரம் வழி. தன் ரோட்டர் தள்ளிய காற்றிலேயே சிக்கி வேகமாக இறங்குவது இன்னொரு வகை, வோர்டெக்ஸ் ரிங் என்பார்கள். செங்குத்தாக, மெதுவாக, பின்காற்றோடு இறங்கும்போது வரும். அப்போது கலெக்டிவை இழுக்க இழுக்க இன்னும் மோசமாகும். சைக்ளிக்கை முன்னால் தள்ளி வெளியே வர வேண்டும், அதற்கும் உயரம் வேண்டும்.

மேகம்

இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போன எம்.ஐ.-17 குன்னூருக்குப் பக்கத்தில் விழுந்ததில் ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். அவர்களில் ஒருவரான குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி, இங்கே பெங்களூர் ராணுவ மருத்துவமனையில் உயிர் நீத்தார். 2022 ஜனவரியில் வெளியான முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு, பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் ஏற்பட்ட திசைத் தடுமாற்றமும் காரணம் என்றது. இயந்திரக் கோளாறு இல்லை. அனுபவம் மிக்கவர்களுக்கும் இது நேரும் என்று தெரிந்துகொண்டுதான் நீங்கள் இந்தப் பாடத்தைத் தொட வேண்டும்.

திசைத் தடுமாற்றம் என்றால் என்ன என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். சுழலும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒருவர் மெதுவாக, ஒரே வேகத்தில், அரை நிமிடம் சுற்றட்டும். பாதியிலேயே சுற்று நின்றுவிட்டது மாதிரி தோன்றும். பிறகு நாற்காலியை நிறுத்தச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றுகிறோம் என்று சத்தியம் செய்வீர்கள். உள்காதில் இருக்கும் திரவம் செய்யும் வேலை இது. மேகத்துக்குள் இதேதான் நடக்கும், ஆனால் அங்கே உங்கள் கையில் சைக்ளிக் இருக்கும். (எழுந்திருக்கும்போது யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.) 1957-இல் தொடங்கிய ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனத்தில் இதைக் காட்டவென்றே இயந்திரம் வைத்திருக்கிறார்கள். விமானிகள் அதில் உட்கார்ந்து, தன் உணர்வை நம்பாமல் கருவியை நம்பப் பழகுகிறார்கள்.

வெளியே எதுவும் தெரியாமல் போன நொடியில் வரிசை இது: செயற்கைத் தொடுவானக் கருவியைப் பார்த்து மட்டமாக்கு. திசையை மாற்றாதே, எதிரே மலை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் திரும்பு. சக்தி கொடுத்து ஏறு. வேகத்தைப் பிடித்து நிறுத்து. அப்புறம்தான் ரேடியோ. எல்லோருக்கும் வரும் ஆசை, வந்த வழியே சட்டென்று திரும்பிவிடலாம் என்பது. திரும்புவதற்கு நேரம் மேகத்துக்கு வெளியே இருந்தபோது. எனவே கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள்: இந்த முகடு தெரியாவிட்டால் இந்த ஏரியிலேயே திரும்பிவிடுவேன், இந்தப் பள்ளத்தாக்கில் பாதுகாப்பாக ஏற வேண்டிய உயரம் இவ்வளவு. காற்றில் இருக்கும்போது இந்த எண்ணைக் கணக்குப் போட முடியாது.

இருட்டில் பார்க்க உதவும் இரவுக் கண்ணாடியும் பயிற்சியில் பிற்பாடு வரும். ஏறக்குறைய 40 டிகிரி அகலம்தான் அதில் தெரியும். மனிதக் கண்ணுக்குப் பழக்கமான அகலத்தில் அது சிறு பகுதி. தூர மதிப்பீடும் கெட்டுப்போகும். தலையை இடைவிடாமல் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கப் பகலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

சிமுலேட்டருக்குப் போகும்போது

பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனமும் கனடாவின் சி.ஏ.இ. நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய ஹாட்ஸாஃப் பயிற்சி மையம் உட்பட, துருவ் போன்ற ஹெலிகாப்டர்களுக்குச் சிமுலேட்டர்கள் உண்டு. உண்மையான ஹெலிகாப்டரில் செய்துபார்க்கவே முடியாத வால் ரோட்டர் இழப்பையும், மலைப் பள்ளத்தாக்கில் மேகத்தையும் அங்கே பத்து முறை செய்து பார்க்கலாம். அந்த வாய்ப்பை வெற்றி பெறுவதற்காகச் செலவழிக்காதீர்கள். ஆசிரியரிடம், "இன்னும் தாழ்வாக, இன்னும் தாமதமாகக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எந்த உயரத்தில், எந்த வேகத்தில் உங்களால் முடியாமல் போகிறது என்று தெரிந்துகொள்வதே அங்கே கிடைக்கும் சொத்து.

பறக்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு நிமிடமும், வாய்விட்டு: "இப்போது நின்றால் இடப்பக்கத் தரிசு நிலம், காற்று வலமிருந்து." அடுத்த வளைவில், "இப்போது நின்றால் ஏரிக்கரை." வளைவுக்கு அப்பால் இடம் தெரியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் வேகத்தைக் குறைக்கச் சொல்வார்.

இறங்கியதும் டீ குடிக்கப் போவதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். சரியாகச் செய்ததை எழுத வேண்டாம். எதைத் தாமதமாகப் பார்த்தேன், எதைப் பார்த்தும் சொல்லவில்லை, எந்தப் படியை மாற்றிச் செய்தேன். என் வீட்டு நாற்காலியில் பழகிப் போன பிள்ளை ஒருவர் விடுமுறையில் வந்தபோது தன் நோட்டைக் காட்டினார். முதல் பக்கத்தில் இருந்தது இது: "டவரை இடப்பக்கம் பார்த்தேன். சார் பார்த்திருப்பார் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவர் பார்க்கவில்லை." கீழே, வேறு மையில், பெரிய எழுத்தில்: "சொல்."